ஊழியர் பயிற்சி முழுக்க ஆன்லைனில்: எங்கே இடிக்கும், என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். கோவைப் பக்கம் சுமார் 400 பேர் வேலை செய்யும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. வகுப்பறைப் பயிற்சியை வரும் ஏப்ரலோடு நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எச்.ஆர். பிரிவில் இருக்கும் நீங்கள் கேட்கிறீர்கள்: இதில் என்னென்ன குறைகள் வரும், அவற்றை எப்படிச் சரிசெய்வது?

நான் இதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் டூல்ரூமில் (கருவிகள் செய்யும் பிரிவு) தொடங்கி, பிறகு பதினான்கு வருடம் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஆன்லைன் பயிற்சி வேண்டாம் என்று மீட்டிங்கில் சண்டை போட்டிருக்கிறேன். நாலு வருடம் கழித்து நானே முன்னால் நின்று அதைக் கொண்டுவந்தும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் அடி வாங்கியதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவி) அளவெடுக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு ஆன்லைன் மாட்யூல், அதாவது ஒரு பாடம், வாங்கினோம். நாற்பது நிமிடம் ஓடும். அனிமேஷன் பிரமாதம், ஸ்லீவ் (கோடு போட்ட நிலையான குழல்), திம்பிள் (சுற்றும் பிடி), ராட்செட் (அளவான இறுக்கத்தில் நழுவும் முனை) என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். கடைசியில் 20 கேள்விகள். புதிதாகச் சேர்ந்த பத்துப் பேரும் 90 மார்க்குக்கு மேல். எல்லாருக்கும் சர்டிஃபிகேட் போட்டு ஃபைலில் வைத்தாயிற்று. ஒரு மாதத்தில் அந்த லைனில் கழிவாகும் பீஸ்கள், அதாவது ரிஜெக்‌ஷன் ஏறியது. குவாலிட்டியில் 11.99 மில்லிமீட்டர் என்று அளந்து உறுதி செய்த ஒரு பின்னை, அதாவது சின்ன உருளைத் துண்டை, எடுத்துக்கொண்டு போய், அந்தப் பத்துப் பேரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, அளந்து ஒரு பேப்பரில் எழுதச் சொன்னேன்.

சரியாக எழுதியவர்கள் நான்கு பேர். மூன்று பேர் 11.95, 11.96 என்று எழுதியிருந்தார்கள். ராட்செட்டைத் தொடாமல் திம்பிளையே பிடித்து இறுக்கியிருக்கிறார்கள். இறுக்க இறுக்க அளவு குறைவாகத்தானே காட்டும். ஒருவர் 11.49 என்று எழுதியிருந்தார். ஸ்லீவில் இருக்கும் அரை மில்லிமீட்டர் கோட்டை அவர் பார்க்கவே இல்லை. மீதி இருவரும் ஜீரோ எரர், அதாவது கருவியை மூடினால் பூஜ்யம் காட்டுகிறதா என்று, பார்க்காமல் அளந்தவர்கள்.

இவர்கள் யாரும் ஏமாற்றி மார்க் வாங்கியவர்கள் கிடையாது. உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தவர்கள்தான். ஆனால் திரையில் காட்டிய அந்த உருளைத் துண்டு சுத்தமாக இருந்தது, கோடுகள் பெரிதாக இருந்தன, அவசரம் இல்லை. லைனில் கூலண்ட் (மெஷினைக் குளிர்விக்கும் திரவம்) வழியும், வெளிச்சம் போதாது, பின்னால் சூப்பர்வைசர் நிற்பார். அதோடு, ராட்செட் ‘டிக் டிக்’ என்று நழுவும்போது எவ்வளவு இறுக்கம் போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிக் கொடுக்க, விரலில் அந்தக் கருவி இருந்தாக வேண்டும்.

உங்கள் கேள்விக்கான என் பதிலின் முக்கால்வாசி இந்தப் பேப்பரில் இருக்கிறது. வேலை வராதவருக்கு வேலை வந்துவிட்டதாகக் கணினி சொல்வதும், அதை நிர்வாகம் நம்பிவிடுவதும்தான் ஆன்லைன் பயிற்சியில் எனக்குப் பயம். மற்ற குறைகளைச் சமாளித்துவிடலாம். வகுப்பறையில் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். இங்கே பாடத்தை முடித்ததாகக் காட்டும் பச்சை டிக் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பச்சை டிக் எப்படி வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் பெரும்பாலும் ‘ஸ்கார்ம்’ என்ற தரத்தில் இயங்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் உருவான தரம் அது. இன்றும் பரவலாகப் புழங்கும் 1.2 பதிப்பு 2001-இல் வந்தது. ஒருவர் பாடத்தைத் திறந்தாரா, முடித்தாரா, எத்தனை மார்க், எவ்வளவு நேரம், எங்கே விட்டார் என்பதையெல்லாம் அது குறித்துவைக்கும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் டீ குடிக்கப் போனாரா, பக்கத்து சீட் தம்பி அவருக்குப் பதிலாக ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அழுத்தினாரா என்பது அதன் கணக்கில் வராது.

அழுத்துவார்கள். சந்தேகமே வேண்டாம். எங்கள் இடத்தில் ஒரு ஷிஃப்டில் பதினெட்டுப் பேருக்கு ஒரே பையன் முடித்துக் கொடுத்தான், ஆளுக்கு ஒரு டீயும் வடையும் கூலி. கேள்விகளின் விடைகள் வாட்ஸ்அப்பில் ‘1-பி, 2-டி’ என்று சுற்றின. அவனைப் பிடித்துத் திட்டியபோது அவன் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “சார், மாசக் கடைசிக்குள்ள நூறு பர்சென்ட் காட்டணும்னு எங்க சூப்பர்வைசருக்கு நீங்கதானே மெயில் போட்டீங்க?” சரிதானே. நான் கேட்டது சதவீதம், அவன் கொடுத்ததும் சதவீதம்.

ஆக முதல் திருத்தம் மென்பொருளில் இல்லை, உங்கள் மாத அறிக்கையில் இருக்கிறது. ‘எத்தனை பேர் முடித்தார்கள்’ என்ற வரியைக் கீழே தள்ளுங்கள். மேலே ‘எத்தனை பேர் மெஷினில் செய்து காட்டினார்கள்’ என்று ஒரு வரி வரட்டும். எல்லாரையும் சோதிக்க நேரம் இருக்காது. வாரம் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, லைன் சூப்பர்வைசரும் குவாலிட்டி ஆளும் சேர்ந்து பார்க்கட்டும். அடுத்து யாருக்கு வரும் என்று தெரியாததே பாதி வேலையைச் செய்துவிடும். ஆன்லைன் தேர்விலும் ஒரே 20 கேள்வியை எல்லாருக்கும் கொடுக்காமல், நூறு கேள்வி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள். ‘ராட்செட் எதற்கு?’ என்று கேட்டால் விடை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ‘நீங்கள் 11.95 என்று எழுதியிருக்கிறீர்கள், குவாலிட்டியில் 11.99 வருகிறது, என்ன தவறு நடந்திருக்கலாம்?’ என்று கேட்டால் கொஞ்சமாவது யோசிக்க வேண்டியிருக்கும்.

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு படிகளை நீங்கள் எச்.ஆர். படிப்பில் பார்த்திருப்பீர்கள்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. ஆன்லைன் மென்பொருள் முதல் இரண்டையும் தானாகவே அளந்து வண்ண வண்ண வரைபடமாகக் கொடுத்துவிடும். மூன்றாவதையும் நான்காவதையும் யாராவது நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். சும்மா கிடைப்பதைக் கொண்டாடிவிட்டு, நடக்க வேண்டியதை விட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

அடுத்தது, எதை ஆன்லைனில் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்ற பிரிவு. ‘அறிவுக்கு ஆன்லைன், திறமைக்கு நேரடி’ என்று ஸ்லைடில் எழுதிவிடுவார்கள். நிஜத்தில் ஒரே வேலைக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கும், அதைப் பிரித்தெடுப்பதுதான் உழைப்பு. முதலுதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்று விழுந்த வயதுவந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இந்த எண்களை வீடியோவில் சொல்லிவிடலாம். ஆனால் 5 சென்டிமீட்டர் எவ்வளவு என்பது பொம்மையின் நெஞ்சில் கை வைத்து அழுத்தும் வரை யாருக்கும் தெரியாது. முதல் தடவை எல்லாருமே பயந்து பயந்து பாதிதான் அழுத்துகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரியும். அமெரிக்க இதயச் சங்கம் இந்தப் பயிற்சியை ஆன்லைனிலும் தருகிறது. ஆனால் திரையில் பாடத்தை முடித்தவர்கள் பொம்மையில் செய்து காட்டிய பிறகே சான்று அட்டை கிடைக்கும். நீங்களும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

தீயணைப்பானும் அப்படித்தான். பின்னை இழு, நெருப்பின் அடியைக் குறிவை, அழுத்து, இடமும் வலமும் வீசு. நான்கே வரி, வீடியோவுக்கு ஏற்ற பாடம்தான். ஆனால் ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடம்கூடத் தாங்காது என்பதும், பதற்றத்தில் பின்னோடு சேர்த்துப் பிடியையும் அழுத்தினால் பின் வெளியே வராது என்பதும் கையில் எடுத்தவருக்குத்தான் தெரியும். காலாவதியாகப் போகும் சிலிண்டர்களை ரீஃபிலுக்கு அனுப்பும் முன் வெளியே மைதானத்தில் வைத்து ஆட்களை அடிக்கவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, எப்படியும் காலி செய்ய வேண்டியதுதான்.

கைவேலையைக் கற்றுக்கொடுக்க ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் அனுபவமில்லாத லட்சக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் தயார் செய்ய 1940-இலிருந்து 1945 வரை அரசு நடத்திய திட்டம் ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’. சூப்பர்வைசர்களின் சட்டைப்பையில் வைக்க ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். அதில் நான்கு படி: கற்றுக்கொள்பவரைத் தயார்செய், வேலையைச் செய்துகாட்டு, அவரைச் செய்யவிட்டுப் பார், பிறகு அவ்வப்போது போய்க் கவனி. தொழிலாளி கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் கற்பிக்கவில்லை என்ற வரியும் அந்த அட்டையில் உண்டு. போருக்குப் பிறகு அந்த முறை ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறைக்குள் கலந்துவிட்டது.

இந்த நான்கில் ஆன்லைன் மாட்யூல் எதைச் செய்கிறது? முதல் படியைப் பாதி, இரண்டாவதை நன்றாகவே. மூன்றாவதும் நான்காவதும் அதில் இல்லவே இல்லை. அதனால் நான் செய்த ஏற்பாடு இதுதான்: மாட்யூலை முதல் இரண்டு படிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பயிற்றுநர் நேரம் முழுவதையும் மூன்றாவது, நான்காவது படிக்குத் திருப்பிவிட்டேன். முன்பு எங்கள் பயிற்றுநர் வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசுவார், ஆட்கள் பதினைந்து நிமிடம் கருவியைத் தொடுவார்கள். இப்போது அது தலைகீழாகிவிட்டது. உங்கள் நிர்வாகம் ‘பயிற்றுநரைக் குறைத்துவிடலாம்’ என்ற கணக்கில் இதைத் தொடங்குகிறது என்றால், அந்த இடத்தில்தான் நீங்கள் அழுத்திப் பேச வேண்டும்.

சரி, நேரத்துக்கு வருவோம். ஆன்லைன் என்றால் ‘எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும்’ என்று விற்பார்கள். நடைமுறையில் அதற்கு அர்த்தம், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகும்போது, சொந்த ஃபோனில், சொந்த டேட்டாவில் என்பது. இதில் ஒரு வேடிக்கை, பெரும்பாலான தொழிற்சாலைகளில் லைனுக்குள் ஃபோன் கொண்டுபோகவே கூடாது. கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, பயிற்சியை ஃபோனில் முடிக்கச் சொல்கிறோம். பெண் தொழிலாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்: வீட்டுக்குப் போனதும் ஃபோன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும், அவர்களுக்கு அடுப்படி. சில வீடுகளில் ஒரே ஸ்மார்ட்ஃபோன்தான், அதுவும் கணவரிடம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்புக்கான பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமை என்றே எழுதியது. உரிமை என்று எழுதிய ஒன்றை ஒருவரின் தூக்க நேரத்தில் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. வழி சிக்கலானதும் இல்லை. கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு அறை, நாலைந்து டேப்லெட், ஹெட்ஃபோன். வாரத்தில் ஒருநாள் ஷிஃப்ட் தொடக்கத்தில் இருபது நிமிடம், சம்பளத்தோடு. புரொடக்‌ஷன் மேனேஜர் கத்துவார். இருபது நிமிடத்துக்கு எத்தனை பீஸ் குறைகிறது என்று அவர் கணக்குக் காட்டினால், ரிஜெக்‌ஷனில் ஒரு வாரத்துக்கு எத்தனை பீஸ் போகிறது என்று நீங்கள் காட்டுங்கள். நேரத்தைக் கொடுக்க நிர்வாகம் தயாராக இல்லை என்றால் அந்தப் பயிற்சியை நடத்தவே வேண்டாம் என்பது என் கருத்து.

மொழி விஷயம் தனி. எங்களுக்கு ஒரு சி.என்.சி. (கணினி கட்டுப்படுத்தும் மெஷின்) பாடம் வந்தது, ஆங்கிலத்திலிருந்து கணினியே மொழிபெயர்த்துக் குரலும் கொடுத்தது. மெஷின் ஷாப்பில் ‘ஜாப்’ என்றால் மெஷினில் மாட்டும் பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். ‘சக்’ என்ற பிடிப்பானைத் திறந்து ஜாப்பைக் கழற்றச் சொல்லும் வரி, ‘வேலையிலிருந்து நீக்கவும்’ என்று கணீரென்று வந்தது. அன்றைக்கு முழுக்க ஷாப்பில் ஒருவரையொருவர் வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்துத் திருத்தியபோது எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஸ்பிண்டில் சுழல்தண்டு ஆனது, கூலண்ட் குளிர்விப்பான் ஆனது. தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் ஆபரேட்டருக்கு அந்த மெஷினே புதிது மாதிரி தோன்றியது. தூய தமிழுக்கு இடம் உண்டு. ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் யோசித்து மொழிபெயர்த்துக்கொள்ளும்படி வைக்கக் கூடாது. லைனில் என்ன சொல்கிறார்களோ அந்தச் சொல்லையே வையுங்கள். இன்றைக்கு லைனில் பாதிப் பேர் வட மாநிலத்தவர். ‘ஹிந்தி போட்டால் போதும்’ என்று விட்டுவிடாதீர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஹிந்தி காதில் விழும், எழுத்தாகப் படிக்க வராமல் போகலாம். எழுத்தைக் குறைத்து, படமும் குரலுமாக வைத்தால் எல்லாருக்கும் நல்லது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, பாடங்களில் ஒரு பகுதியை உங்கள் ஆட்களே எடுப்பது. அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் தன் மெஷினில் டூல் மாற்றுவதை, அவர் பேச்சிலேயே, பக்கத்தில் இன்னொருவர் ஃபோனில் எடுக்கட்டும். நாலு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து பிலிப் குவோ குழு 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களில்தான் மாணவர்களின் கவனம் நன்றாக நின்றது. பெரிய செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது அதிகமாகப் பிடித்திருந்தது என்பதும் அதில் தெரிந்தது. நம் ஊரில் இன்னொரு லாபமும் உண்டு. ‘இது நம்ம முருகேசண்ணன் சொல்றது’ என்றால் புதுப் பையன் கேட்பான். வெளியூர்க் குரலுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் எடுத்த தேதியையும் அதற்குப் பொறுப்பானவர் பெயரையும் காட்டுங்கள். மெஷின் மாறி, ஃபிக்ஸ்சர் மாறி, பழைய வீடியோ மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பது ஆன்லைனுக்கே உரிய வியாதி. வகுப்பில் பயிற்றுநர் ‘இது பழசு, இப்ப இப்படி இல்ல’ என்று வாயால் திருத்திவிடுவார், வீடியோ திருத்தாது.

சந்தேகம் கேட்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வகுப்பிலேயே நம் ஆட்கள் எழுந்து கேட்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். டீ இடைவேளையில் பயிற்றுநர் பக்கத்தில் வந்து, “சார், அந்த ஆஃப்செட்டு மைனஸ்ல போட்டா என்ன ஆகும்?” என்று மெல்லக் கேட்பார்கள். பயிற்சியில் பாதி அந்த டீயில்தான் நடக்கிறது. ஆன்லைனில் அந்த டீ இல்லை. ‘சந்தேகங்களை இங்கே பதிவிடவும்’ என்று ஒரு பெட்டி இருக்கும், யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் தனக்குத் தெரியவில்லை என்பது பதிவாகிவிடும், இன்க்ரிமென்ட் நேரத்தில் யாராவது பார்ப்பார்கள் என்று பயம். நாங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஆளைப் பேர் சொல்லி நியமித்தோம். ஷாப்பில் அவர் எங்கே நிற்பார், எந்த நேரத்தில் கேட்கலாம் என்பது வரை எழுதி ஒட்டினோம். எழுதக் கூச்சப்படுபவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், அது நியமித்த ஆளுக்கு மட்டும் போகும். வந்த சந்தேகங்களை, கேட்டவர் பேரில்லாமல், அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தபோது, எந்தப் பாடம் மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மறதிக்கு வருகிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. மென்பொருள் விற்க வருபவர், ‘படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20 சதவீதம், செய்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்று ஒரு முக்கோணம் காட்டுவார். எட்கர் டேல் என்பவர் 1946-இல் வரைந்த கூம்பு அது என்பார். டேல் வரைந்த கூம்பில் சதவீதமே கிடையாது, பின்னால் யாரோ ஒட்டியது. அந்த ஸ்லைடைக் காட்டுபவரிடம் விலையைக் கொஞ்சம் இறுக்கிப் பேசுங்கள்.

மறதி உண்மைதான். ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885-இலேயே அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து காட்டிவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு வேகம் குறைகிறது. நமக்கு இன்னும் பயனுள்ளது ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து, திரும்பப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது சுமார் 40 சதவீதம், நினைவுகூர்ந்தவர்களுக்கு சுமார் 61.

நம் ஆன்லைன் தேர்வு எப்போது வருகிறது? வீடியோ முடிந்த அடுத்த நிமிடம். அதாவது, வெறுமனே பார்த்தவரும் எல்லாம் தெரிந்தவர் போலத் தோன்றும் நேரத்தில் மார்க் போட்டு, சர்டிஃபிகேட்டும் கொடுத்துவிடுகிறோம். இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். சர்டிஃபிகேட்டை மூன்று வாரம் தள்ளிக் கொடுங்கள். நடுவில் இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபதாம் நாள் என்று மூன்று மூன்று கேள்வி. ஃபோனில்கூட வேண்டாம்; காலையில் டூல்பாக்ஸ் பேச்சுக்கு (வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னக் கூட்டம்) எல்லாரும் கூடி நிற்கும்போது சூப்பர்வைசர் ஒருவரைப் பார்த்துக் கேட்கலாம். திட்டுவதற்காகக் கேட்கக் கூடாது, அது மட்டும் கவனம். தெரியவில்லை என்றால் பக்கத்திலிருப்பவர் சொல்லட்டும்.

கைவேலை இல்லாத பாடங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், புகார்களை விசாரிக்க உள் குழு வேண்டும். அதன் 19-ஆவது பிரிவு, குறிப்பிட்ட இடைவெளிகளில் பயிலரங்குகளும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடத்தச் சொல்கிறது. இதை ஒரு அரை மணி நேர வீடியோவாக்கி, கடைசியில் ‘நான் புரிந்துகொண்டேன்’ என்று டிக் அடிக்க வைக்கும் நிறுவனங்கள் ஏராளம். சட்டத்தின் வாசகத்தை வீடியோ சொல்லலாம். ஆனால் ஒரு பெண் புகார் கொடுக்க வேண்டும் என்றால் அவருக்கு முதலில் தேவைப்படுவது, அந்தக் குழுவில் இருக்கும் பெண்மணியின் முகம். அவரை ஒருமுறையாவது நேரில் பார்த்திருந்து, அவர் பேசுவதைக் கேட்டு, ‘இவரிடம் சொல்லலாம்’ என்று தோன்றியிருக்க வேண்டும். ‘இதெல்லாம் ஜோக்குதானே’ என்று ஒரு சூப்பர்வைசர் கேட்கும்போது, அவருக்கு அவர் வயதுக்காரர் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். இவை திரையில் நடக்காது. இந்தப் பாடத்தை மட்டும் நான் ஒருபோதும் முழுக்க ஆன்லைனுக்கு விடமாட்டேன். எந்த ஆடிட்டர் சரி என்றாலும்.

மற்றபடி மேலாண்மைப் பயிற்சி, வாடிக்கையாளரிடம் பேசுவது போன்றவற்றுக்கும் இதே தர்க்கம் பொருந்தும், நீட்டவில்லை. பல பிரிவு ஆட்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பழகிக்கொள்வதும் போய்விடும். ஸ்டோர்ஸ்காரரும் மெயின்டனன்ஸ்காரரும் பயிற்சியில் பழகியதால் பிறகு ஒரு ஃபோனில் முடிந்த வேலைகள் எத்தனையோ. அதற்கு வருடத்துக்கு இரண்டு நேரடி வகுப்பாவது வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டோடு.

ஆன்லைனின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பழைய ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள். நைட் ஷிஃப்ட் ஆளுக்கும் பகல் ஆளுக்கும் ஒரே பாடம் போய்ச் சேருகிறது. முன்பெல்லாம் நைட் ஷிஃப்ட்காரர்களுக்குப் பயிற்சியே கிடையாது. ஹைட்ராலிக் வால்வின் உள்ளே எண்ணெய் எப்படி ஓடுகிறது என்பதைக் கரும்பலகையில் நான் வரைந்ததைவிட அனிமேஷன் நூறு மடங்கு தெளிவாகக் காட்டுகிறது. கூச்சப்படுபவர் ஒரே இடத்தைப் பத்து தடவை திருப்பிப் பார்க்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இ.ஆர்.பி. (நிறுவனத்தின் கணக்கு, இருப்பு பார்க்கும் மென்பொருள்) மாதிரி கணினியிலேயே செய்யும் வேலைக்குக் கணினியிலேயே கற்பதுதான் சரி. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு வருடாந்தர நினைவூட்டலும் அப்படியே.

ஆனால் தானாக ஆர்வப்பட்டு வருபவரே பாதியில் விட்டுவிடும் வடிவம் இது என்பதை மறக்க வேண்டாம். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரன்னும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக ஆன்லைனில் நடத்தியபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாரும் தாங்களே தேடி வந்தவர்கள். உங்கள் ஆட்கள் அப்படித் தேடி வரப்போவதில்லை. அங்கே பிடிக்காதவர்கள் விலகிப் போனார்கள். இங்கே விலக முடியாது என்பதால் ‘நெக்ஸ்ட்’ அழுத்துவார்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஏப்ரலில் எல்லாவற்றையும் மாற்றுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு லைன், இரண்டே பாடம், எட்டு வாரம். ஒன்று அளவெடுப்பது போன்ற கைவேலைப் பாடம், மற்றது தலைக்கு மட்டுமான பாடம். அந்த லைனின் ரிஜெக்‌ஷனை முந்தைய எட்டு வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெஷின் மாற்றம், மெட்டீரியல் மாற்றம் எதுவும் நடுவில் வராத லைனாக எடுங்கள், இல்லாவிட்டால் எது எதனால் என்று பிறகு சண்டைதான் வரும். மென்பொருள் நிறுவனத்திடம் மூன்று வருட ஒப்பந்தம் போட வேண்டாம். ‘ஆளுக்கு இத்தனை ரூபாய்’ என்று அவர்கள் சொல்லும் விலையோடு அறை, டேப்லெட், இருபது நிமிடச் சம்பளம், வீடியோவைப் புதுப்பிக்கும் ஆளின் நேரம் எல்லாவற்றையும் கூட்டி நிர்வாகத்திடம் காட்டுங்கள். மலிவு என்று நினைத்து ஆரம்பித்துவிட்டு, பாதியில் இந்தச் செலவுகளை வெட்டும்போதுதான் திட்டம் வெறும் பச்சை டிக்காகச் சுருங்குகிறது.

அந்த மீட்டிங்குக்கு முன்னால் இன்னொன்று செய்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஒரு ஆன்லைன் பாடத்தில் 90-க்கு மேல் வாங்கிய பத்துப் பேரை எடுங்கள். அவர்கள் தினமும் தொடும் ஒரு கருவியைக் கொடுத்து, ஒரு பின்னையோ புஷ்ஷையோ அளந்து எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. யார் பேரும் வேண்டாம், அளவுகள் மட்டும் போதும். விற்க வந்தவர் தன் முதல் ஸ்லைடைத் திறப்பதற்கு முன் அந்தப் பேப்பரை மேசையில் வையுங்கள்.